பேச வந்தவள்

எனக்கு வாய் நீளம் என்று போர்ட் கிள்ளானில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் இன்னும் என்னிடம் மாட்டவில்லை. அப்படிப்பட்ட நான், திறக்க வேண்டிய ஒரே ஓர் இடத்தில் வாயைத் திறக்காமல் விட்டதால் கன்னையா அண்ணனுக்கு வேலை போக இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவர் கையில் கடிதத்தைக் கொடுப்பதாக முடிவாகிவிட்டது.

எங்களுடையது லோரி கம்பெனி. துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர்களை ஷா ஆலம் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பிழைப்பு. இருபத்திரண்டு லோரி, முப்பத்தொரு டிரைவர்கள். எந்த டிரைவர் எந்த லோரியை எத்தனை மணிக்கு எடுப்பது என்று பட்டியல் போடுவது என் வேலை. பதினொரு வருடமாகப் போடுகிறேன். யாருடைய மனைவிக்கு எந்த நாளில் ஆஸ்பத்திரி, யார் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போக வேண்டும், யாரையும் யாரையும் ஒரே நேரத்தில் லோரி நிற்கும் யார்டில் விட்டால் சண்டை மூளும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

கன்னையா அண்ணன் பத்தொன்பது வருடம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு நாள் காலை ஆறே முக்காலுக்கு, ஷா ஆலம் போகிற சாலையில், கண் அயர்ந்து ஓரத்து இரும்புத் தடுப்பை நாற்பது மீட்டருக்கு உரசிக்கொண்டே போயிருக்கிறார். யாருக்கும் அடி இல்லை. ஆனால் ஒரு நிமிடத்துக்கு முன்னால் அதே ஓரத்தில் ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போனதைப் பின்னால் வந்த கார்க்காரர் பார்த்திருக்கிறார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. விசாரணையில் கன்னையா அண்ணன் சொன்னது இரண்டே வார்த்தை: என் தப்புதான்.

அவர் தப்பு மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் கதை ஆறு மாதத்துக்கு முன்னால் தொடங்குகிறது.

அப்போதுதான் சிவேந்திரன் எங்களுக்கு மேனேஜராக வந்தார். நாற்பது வயது இருக்கும். சிலோன் தமிழர், பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் மலாயும் ஆங்கிலமும் படித்தவர். தமிழ் என்பது அவருக்கு வீட்டுக்குள் அம்மாவிடம் பேசுவதற்கு மட்டும், எழுத்துகூடத் தெரியாது. இருந்தாலும் ஒரு தமிழன் மேனேஜராக வந்தானே என்று எனக்குச் சந்தோஷம்தான். வந்த இரண்டாம் மாதமே புது நேர அட்டவணை ஒன்றைக் கொண்டுவந்தார். முன்பெல்லாம் ஒரு டிரைவர் லோரியை விட்டு இறங்கினால் பத்து மணி நேரம் கழித்துத்தான் மறுபடி ஏறுவார். புது அட்டவணையில் அது ஏழு மணி நேரம்.

கோலாலம்பூர் தலைமையகத்துப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கேட்டார். "சந்திரகலா, கேன் ஆர் நாட்?"

முடியுமா முடியாதா என்கிற இந்தக் கேள்விக்கு எங்கள் யார்டில் ஒரே பதில்தான். டயர் வெடித்திருந்தாலும், காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும், கேட்டவர் பாஸ் என்றால் பதில் "கேன் லா, பாஸ்". முப்பத்தொரு டிரைவர்களும் அதைத்தான் சொல்வார்கள். வாய் நீளமான நானும் அன்றைக்கு அதைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

விபத்துக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசிவிடுவது என்று முடிவெடுத்தேன். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன். "பாஸ், நாளைக்கு காலையில உங்ககூட கொஞ்சம் பேசணும். ஃப்ரீயா இருந்தா சொல்லுங்க." பதிலுக்கு ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை. மறுநாள் அவர் அறைக்குள் நுழைந்தால், பணியாளர் பிரிவு உஷாராணி நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். உஷா என் சிநேகிதி. என் கண்ணைப் பார்க்காமல் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ எதுக்கு பாஸ்?" என்றேன்.

"ஃபார் த ரெக்கார்ட்," என்றார்.

ஒரு வார்த்தை பேச வந்தவளுக்குச் சாட்சியா? நான் திரும்பி வெளியே வந்துவிட்டேன். கதவை மெதுவாகத்தான் சாத்தினேன். யார்டு வரைக்கும் கேட்டது என்று உஷா சொல்கிறாள்.

அடுத்த வாரம் பான்ட்ரியில் காப்பி மெஷின் பக்கத்தில் அவரைப் பிடித்தேன். "பாஸ், உங்ககிட்ட நேருக்கு நேரா ஒரு நாள் நல்லா பேசியே ஆகணும்." அவர் முகம் சிவந்துவிட்டது. காப்பியைப் பாதியில் வைத்தார். "இப்ப வேண்டாம், சந்திரகலா. ரெண்டு பேரும் கூலா இருக்கேக்க கதைப்பம்," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

கதைப்பதாம். எங்கள் பக்கம் கதை விடுகிறவன் என்றால் பொய் சொல்கிறவன், கதை அளக்கிறவன் என்றால் வேலைவெட்டி இல்லாதவன். ஒரு மனிதனுடைய பிழைப்பைப் பற்றிச் சொல்ல வந்தால் இவருக்குக் கதையாக இருக்கிறதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று முழுக்க என் மேசைப் பக்கம் யாரும் வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் உஷா என்னைக் கழிப்பறைக்குள் இழுத்துக்கொண்டு போய், "நாளைக்கு அஞ்சு மணிக்கு கன்னையாண்ணனுக்கு லெட்டர். டெர்மினேஷன். என் கையாலதான் டைப் பண்ணேன்," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

கிள்ளானில் வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரர் குரு பேட்மின்டன் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையை வைத்துவிட்டு, "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்," என்றேன்.

டி.வி. உடனே அணைந்தது. மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "குப்பை கொட்டிட்டேன். வாட்டர் பில் கட்டிட்டேன். வேற என்ன செஞ்சேன்?"

"ஆபீஸ் விஷயம் பேச வந்தேன்."

"அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே லா. நீ பேசணும்னு சொன்னாலே நான் என்ன தப்பு செஞ்சேன்னு தேட ஆரம்பிச்சிடறேன்."

அவரை ஒரு முறை முறைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்குப் போய் அந்த ஆளை ஒரு பிடி பிடிக்கப் போகிறேன் என்றும், அதற்கு ஏழு பாயின்ட் எழுதி வைத்திருக்கிறேன் என்றும் சொன்னேன். குரு பொறுமையாகக் கேட்டார்.

"முதல் பாயின்ட் என்ன?"

"உங்க டைம்டேபிள்தான் காரணம்னு."

"அதைப் போட்டப்ப உன்னைக் கேக்கலையா?"

நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன்.

"கலா, கேட்டாரா இல்லையா?"

"கேட்டார். கேன்னு சொன்னேன்."

குரு டி.வி.யைப் போட்டார், சத்தம் வைக்கவில்லை. நான்கு மாதமாக அந்த ஒரு வார்த்தையை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஏழு பாயின்ட் எழுதிய தாளை எடுத்து, எட்டாவதாக அதை எழுதினேன். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் வேறொரு வேலை செய்தேன். அது பிறகு வருகிறது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர் கதவைத் தட்டினேன். உஷா அதே நாற்காலியில், அதே நோட்டுப் புத்தகத்தோடு. மேசைமேல் ஒரு வெள்ளை உறை.

"பேசணும்னு வந்திருக்கேன், பாஸ்."

"தெரியும். அதுதான் உஷாவை இருக்கச் சொன்னனான்."

"நான் பேசறதுக்கு எதுக்கு பாஸ் சாட்சி?"

அவருக்கும் பொறுமை போய்விட்டது. "சந்திரகலா, ரெண்டு கிழமையா பேசவேணும் பேசவேணும் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறீங்கள். வாய்ஸ் மெசேஜில ஒருக்கா, பான்ட்ரியில ஒருக்கா. என்ர அம்மாகூட இப்பிடி நோட்டீஸ் குடுத்துப்போட்டு என்னைப் பேசினதில்லை."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் எங்கேயோ இடறியது. என்னைப் பேசினதில்லை என்கிறாரே, அது என்ன பேச்சு?

"உங்க அம்மா உங்ககிட்ட பேசவே மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ஏன் மாட்டா? டெய்லி பேசுவா. சோறு மிச்சம் வச்சால் பேசுவா. ஈரத் துவாயைக் கட்டிலில போட்டால் பேசுவா. நேற்றும் ஃபோனில நல்லாப் பேசினவா. நான் திருப்பி ஒண்டும் கதைக்கேல்ல."

முந்தின நாள் குரு டி.வி.யை அணைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்த கோலம் என் கண்முன்னால் வந்தது.

"பாஸ்," என்றேன் மெதுவாக, "உங்க வீட்டுல பேசறதுன்னா திட்டறதா?"

"வேற என்ன?"

"அப்ப சும்மா ரெண்டு பேர் உக்காந்து பேசறதுக்கு?"

"அது கதைக்கிறது." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "உங்களுக்கு?"

"எங்களுக்கு அதுதான் பேசறது. கதைக்கிறதுன்னா எங்க பக்கம் பொய்."

முதலில் சிரித்தது உஷா. நோட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அவரும் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரிக்க, நானும் சிரித்துவிட்டேன். இரண்டு வாரமாக நான் ஒரு மேலதிகாரியைத் திட்டப் போவதாக முறைப்படி அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த மனிதனும் பாவம், சாட்சி வைத்துக்கொண்டு திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்திருக்கிறார். உள்ளதைச் சொன்னால், அவர் புரிந்துகொண்டது முழுத் தப்பும் இல்லை. ஏழு பாயின்டும் திட்டுதான்.

சிரிப்பு அடங்கியதும் மேசைமேல் அந்த உறை அப்படியே இருந்தது. சொல்ல வந்த சங்கடமும் அப்படியே இருந்தது. தாளை எடுத்தேன். ஏழையும் விட்டுவிட்டு எட்டாவதிலிருந்து ஆரம்பித்தேன்.

"பாஸ், அன்னைக்கு மீட்டிங்ல நீங்க கேன் ஆர் நாட்னு கேட்டீங்க. நான் கேன்னு சொன்னேன். அது தப்பு. முடியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். பெரியவங்க முன்னாடி சொல்ல வாய் வரல."

அவர் முகம் மாறியது. "உங்களுக்குத் தெரியுமெண்டால் ஏன் சொல்லேல்ல? உங்களை நம்பித்தானே கேட்டனான்."

குத்தியது. குத்தட்டும் என்று விட்டேன். "சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன். கன்னையாண்ணன் வீடு எங்கன்னு தெரியுமா பாஸ்? செமினி. இங்கேர்ந்து ஒண்ணேகால் மணி நேரம், ஜாம் இருந்தா ரெண்டு. போக வர ரெண்டரை மணி நேரம் போயிட்டா, உங்க ஏழுல நாலரைதான் மிச்சம். குளிச்சு, சாப்பிட்டுப் படுத்தா மூணரை மணி நேரம் தூக்கம். நாலு மாசமா அந்த மனுஷன் அப்படித்தான் தூங்கியிருக்கார்."

அவர் விரல்விட்டு அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு, "நான் ஏழு மணித்தியாலமும் நித்திரை எண்டு நினைச்சன்," என்றார். "நான் ட்ரெயினில வந்து ட்ரெயினில போறவன், ரோட்டு ஜாம் எனக்குத் தெரியாது."

"தெரியும் பாஸ். அதைச் சொல்றதுக்குத்தான் எனக்கு கம்பெனியில சம்பளம்."

"ஆனா அவர் தன்ர பிழை எண்டு ஒத்துக்கொண்டவர்."

"அவர் எதைக் கேட்டாலும் ஒத்துக்குவார். எங்க யார்டுல யாராவது உங்ககிட்ட முடியாதுன்னு சொல்லி ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

அவர் உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை நிப்பாட்டவேணுமெண்டால், டைம்டேபிள் பிழையெண்டு நான் ஹெட் ஆபீஸுக்குச் சொல்லவேணும். அது நான் போட்டது."

பழைய கலாவாக இருந்தால் 'சொல்லுங்களேன், வாயில என்ன கொழுக்கட்டையா' என்று கேட்டிருப்பாள். நான் தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். "தனியா சொல்ல வேணாம் பாஸ். ஓகே சொன்னது நான்னு நானும் சொல்றேன். இது புதுப் பட்டியல். அதிகாலை ஓட்டத்தை போர்ட் கிள்ளான், கிள்ளான் பக்கம் இருக்கிற ஆளுங்களுக்குப் போட்டிருக்கேன். தூரத்து ஆளுங்களுக்கு விடிஞ்சப்புறம்தான். எல்லாருக்கும் பழையபடி பத்து மணி நேரம்."

சிவேந்திரன் உறையை ஓரம் தள்ளிவிட்டு, போனில் ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தார். எடுத்தது தலைமையகத்து டைரக்டர் கமலநாதன். சிவேந்திரன் ஆங்கிலத்தில் சுற்றி வளைக்காமல் சொன்னார்: அட்டவணை என்னுடையது, அது தவறு, அதை அப்படியே வைத்துக்கொண்டு ஒருவரை மட்டும் வேலையை விட்டு நீக்கினால் அடுத்த லோரி தடுப்பை உரசுவதோடு நிற்காது. பிறகு நான் என் பங்கைச் சொன்னேன். அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"புதுப் பட்டியலில் ஒரு ட்ரிப்பும் குறையக் கூடாது," என்றார் டைரக்டர். "கேன் ஆர் நாட்?"

உஷா என்னைப் பார்த்தாள். சிவேந்திரன் என்னைப் பார்த்தார். என் வாயில் 'கேன்' உருண்டு திரண்டு நின்றது. அதை விழுங்கினேன்.

"கேனாட், பாஸ்," என்றேன். "திங்களும் வியாழனும் ரெண்டு ட்ரிப் குறையும். மத்த நாள் குறையாது. இதுக்கு மேல என்னால பொய் சொல்ல முடியாது."

"ரெண்டுதானே?" என்றார் டைரக்டர். "அதை முன்னாடியே சொல்லியிருந்தா முதல் மீட்டிங்லயே முடிஞ்சிருக்குமே." அவ்வளவுதான். கடிதத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. உஷா என் கையைப் பிடித்து நசுக்கினாள். சிவேந்திரன் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு, "தண்ணி குடிச்சிட்டு வாறன்," என்று வெளியே போனார்.

ஐந்து மணிக்குக் கன்னையா அண்ணன் வந்தார். சட்டையை இன் பண்ணி, தலையைப் படிய வாரியிருந்தார். துடைத்துப் பளபளப்பாக்கிய லோரிச் சாவியைக் கையில் வைத்திருந்தார், ஒப்படைப்பதற்கு.

சிவேந்திரன் எழுந்து நின்றார். "இருங்கோ, அண்ணை. நான் உங்களைப் பேசக் கூப்பிடேல்ல."

"பேசாம எப்படி பாஸ் சொல்லுவீங்க?" என்றார் கன்னையா அண்ணன்.

"அண்ணே, அது பெரிய கதை. மொதல்ல உக்காருங்க," என்றேன்.

வேலை போகவில்லை என்று சொன்னதும் அவர் நம்பவில்லை. அட்டவணைக்காக சிவேந்திரன் மன்னிப்புக் கேட்டதும் இன்னும் குழம்பிப்போனார். நானும் கேட்டேன். பிறகு சிவேந்திரன் கேட்டார்: "அண்டைக்கு நித்திரை வருது எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் பாஸ். யார்டை விட்டு வெளியாகறப்பவே கண்ணு எரிஞ்சிச்சி."

"அந்த ரோட்டில ஒரு பிள்ளை போயிருக்கு, அண்ணை. ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்ல?"

கன்னையா அண்ணன் சாவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இங்க யாரும் அப்படி சொன்னதில்ல, பாஸ்." சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "சொல்லியிருக்கணும்," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது. பதினொரு வருடத்தில் எனக்கு வந்த முதல் எச்சரிக்கைக் கடிதம் அது. விருது வாங்குகிறவள்போலக் கையெழுத்துப் போட்டேன், உஷா தலையில் அடித்துக்கொண்டாள்.

புதுப் பட்டியல் தொடங்கி இரண்டாவது வியாழக்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்கு வாடிக்கையாளர் ஒருவர் அவசரமாக இன்னொரு ஓட்டம் கேட்டார். சிவேந்திரன் வேகமாக யார்டுக்கு இறங்கி வந்தார். அப்போதுதான் லோரியை விட்டு இறங்கியிருந்த கன்னையா அண்ணனைப் பார்த்து, பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டார்.

"அண்ணை, இன்னொரு ட்ரிப். கேன் ஆர் நாட்?"

தே தாரேக் குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். கன்னையா அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவருக்காகச் சொல்லிவிடலாம், ஒரு வினாடி வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். என் வாயை அப்படி அடக்கியதற்கே எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் தரலாம்.

"கேனாட், பாஸ்," என்றார் கன்னையா அண்ணன். குரல் கொஞ்சம் பிசிறியது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "கேனாட். நான் செமினிக்குப் போய் தூங்கணும்."

சிவேந்திரன் போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வாடிக்கையாளரிடம் நாளைக் காலை என்று சொன்னார். வைத்துவிட்டு, "சரி அண்ணை. போய்ப் படுங்கோ," என்றார்.

யாரோ ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். கன்னையா அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டே தன் பழைய மைவி காரில் ஏறி, பட்டப்பகலில், வீட்டுக்குத் தூங்கப் போனார்.